பரணில் ஏற்றிய கிட்டார்

பாப்பா,

நேற்றுச் சாயங்காலம் நீ கிட்டாரைத் துடைத்து, உறைக்குள் போட்டு, ஜிப்பை இழுத்து மூடிவிட்டுப் பரணில் ஏற்றித் தரச் சொன்னாய். நானும் மறுபேச்சு இல்லாமல் ஸ்டூலைப் போட்டு ஏறி, உன் அம்மாவின் அண்டாவுக்கும் ஓடாத டேபிள் ஃபேனுக்கும் நடுவே அதைப் படுக்க வைத்துவிட்டு இறங்கினேன். கையில் ஒட்டிய தூசியைத் தட்டும்போதுதான் எனக்கு உறைத்தது. அடுத்த வாரம் கல்யாணம். உன்னோடு ஓசூருக்குப் போகும் பெட்டிகளில் புடவை இருக்கிறது, புத்தகம் இருக்கிறது, நீ இனி எந்தக் காலத்திலும் உடுத்தப்போகாத சுடிதார்கூட இருக்கிறது. இது மட்டும் பரணுக்குப் போகிறது. அங்கேயே கேட்டிருக்கலாம். கேட்டால் நீ "சும்மா கெடக்கட்டும்ப்பா" என்றிருப்பாய், நானும் தலையை ஆட்டியிருப்பேன். நேரில் பேச்சென்று வந்தால் நாம் இரண்டு பேரும் அவ்வளவுதான். அதனால் எழுதுகிறேன்.

அலங்காநல்லூர்ப் பக்கம் ஒரு கோயில் விசேஷத்துக்கு மைக்செட் கட்டிவிட்டு, வேப்பமர நிழலில் ஸ்பீக்கர் பெட்டி மேல் உட்கார்ந்திருக்கிறேன். பொங்கல் வைப்பவர்கள் இன்னும் வரவில்லை. பாட்டு தானாக ஓடிக்கொண்டிருக்கிறது. இத்தனை வருஷமாக என் பாதி வாழ்க்கை இப்படிப் பெட்டி மேல் உட்கார்ந்தேதான் போயிருக்கிறது. கல்யாணம், காதுகுத்து, சடங்கு, கட்சிக் கூட்டம் எதுவானாலும் நாகமலை புதுக்கோட்டைக்காரர் செட்டா, மைக் ஊளையிடாது என்று ஒரு பெயர். அந்தப் பெயரை நான் சும்மா வாங்கவில்லை. தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு கல்யாணத்தில் தாலி கட்டுகிற நேரம் மைக் 'ஊ' என்று இழுத்துவிட்டது. பெண்ணின் பெரியப்பா மணமேடையிலிருந்து இறங்கி வந்து, நல்ல நேரத்துல நாய் மாதிரி ஊளையிட வச்சுட்டியேடா என்று என் சட்டையைப் பிடித்துவிட்டார். அன்றிலிருந்து என் கை, சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற திருகை விட்டு அகன்றதே இல்லை. எங்கேயாவது லேசாக ஊளை தொடங்குகிற மாதிரி இருந்தால், மூளைக்குத் தெரியும் முன்னால் கை குறைத்துவிடும். அடுத்தவர் செட்டு போட்ட விசேஷத்தில் பந்தியில் உட்கார்ந்திருந்தாலும் வலது கை தானாகத் திரும்பும். ஒருமுறை ரசம் ஊற்ற வந்தவர் நான் வேண்டாம் என்கிறேன் என்று நினைத்துப் போய்விட்டார் என்று உன் அம்மா இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறாள்.

இப்படிப்பட்டவன் வீட்டில் நீ எலெக்ட்ரிக் கிட்டாரோடு வந்து நின்றாய். ஊருக்குப் போகும் ஒரு சிநேகிதியிடமிருந்து வாங்கினேன் என்றாய். பார்க்க அழகாக இருந்தது, மீட்டினால் கொசு ரீங்காரம் மாதிரி ஒரு சத்தம். "நம்ம ஆம்ப்ளிஃபயர்ல குத்திப் பாக்கலாமாப்பா?" என்று கேட்டாய். எனக்குப் பெருமை தாங்கவில்லை. இருக்கிற புது செட்டிலேயே நல்லதாக ஒன்றை எடுத்துக் குழாய் ஸ்பீக்கரில் மாட்டிக் கொடுத்தேன். தகர டப்பாவை உருட்டியது போல் இருந்தது. அப்புறம் நீயாகவே குடோனுக்குள் நுழைந்து, நான் தொழில் ஆரம்பித்த காலத்து வால்வு செட்டைத் தூக்கி வந்தாய். உள்ளே கண்ணாடிக் குழல்கள் சூடாகி, சிவப்பாகக் கனன்று, கொஞ்ச நேரம் கழித்துத்தான் பேச ஆரம்பிக்கும். அதைப் பார்த்தே பல வருஷம் ஆகியிருந்தது. நீ திருகை முழுசாகத் திருப்பிவிட்டு ஒரு கம்பியைத் தட்டினாய். சத்தம் தாங்காமல் செட்டு கரகரத்து உடைந்தது. குளித்துக்கொண்டிருந்த நான் தலையில் சோப்போடு ஓடி வந்து குறைத்தேன். நீ கூட்டினாய். நான் குறைத்தேன். நீ என் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாய்: "ஒடையட்டும்ப்பா. ஒடைஞ்சாத்தான் நல்லாருக்கு."

எனக்கு அது புரிய வெகுநாள் ஆயிற்று. போனில் யாரோ வெளிநாட்டுக்காரர் வாசிக்கிற வீடியோவை மெதுவாக ஓடவிட்டு, நிறுத்தி, திரும்ப ஓடவிட்டு, ப்ளூஸ் என்றும் ராக் என்றும் எனக்கு விளக்கம் சொன்னாய். மொத்தம் ஐந்து ஸ்வரம்தான், அதை எப்படிச் சொல்கிறோம் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது என்றாய். ஐந்துக்கா இந்தப் பாடு என்று நான் கேட்டேன், நீ முறைத்தாய். கம்பியை அழுத்தி, அப்படியே மேலே தள்ளி, அடுத்த ஸ்வரத்தின் உயரத்துக்கு இழுத்துக்கொண்டு போவது ஒரு வித்தை. அது மாதக்கணக்கில் உனக்கு வசப்படவில்லை. போய்ச் சேர வேண்டிய சத்தத்தை முதலில் வாசித்துக் காதில் வைத்துக்கொள்வாய். பிறகு கீழே இருந்து தள்ளுவாய். அது பாதி வழியில் நின்று அழும். இடது கை விரல் நுனி வெந்து, தோல் உரிந்து, பின்னல் போடக்கூட முடியாமல் உன் அம்மாவிடம் தலையைக் கொடுத்தாய். எதிர்வீட்டு அண்ணன் ஒருநாள் கேட்டைப் பிடித்துக்கொண்டு, வீட்டில் பூனை ஏதும் வளர்க்கிறீர்களா, பாவம் அதுக்கு என்ன சீக்கு என்று ரொம்ப அக்கறையாக விசாரித்தார். உன் அம்மா ஆமாம் என்று சொல்லிவிட்டாள்.

எனக்கு இசை தெரியாது. ஆனால் காது உண்டு. தெருக்கோடியில் இருக்கிற குழாய் ஸ்பீக்கர் கொஞ்சம் தளர்ந்தாலும் இங்கிருந்தே சொல்லிவிடுவேன். அந்தக் காதை நீ வேலைக்கு எடுத்துக்கொண்டாய். டீயோடு எதிரே உட்காரச் சொல்வாய். கம்பியைத் தள்ளிவிட்டு "ஏறுச்சாப்பா?" என்பாய். நான் "இன்னுங் கொஞ்சம்" என்பேன். மறுபடி. "இப்ப?" "தாண்டிப் போச்சு." டீ ஆறிப்போகும். என்றைக்கு அது சரியாகப் போய் உட்கார்ந்ததோ, அன்றைக்கு நீ கேட்கவே இல்லை, நானும் சொல்லவில்லை, இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். உன் அம்மா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்து, "என்ன, அழுகையை நிறுத்திருச்சா?" என்று கேட்டாள். நான் வாழ்க்கையில் சந்தோஷமாக இருந்த நாட்களை எண்ணச் சொன்னால் அந்த நாளை விடமாட்டேன்.

பிறகு அந்த ஏறிய சத்தத்தை லேசாக நடுங்க வைக்கப் பழகினாய். விரலால் ஆட்டினால் வராது, வண்டி ஆக்ஸிலேட்டரைத் திருகுகிற மாதிரி மணிக்கட்டு திரும்ப வேண்டும் என்று சொல்லிச் சொல்லி, பஸ்ஸில் போகும்போதுகூடக் கையைத் திருகிக்கொண்டே வந்தாய். பக்கத்து சீட்டு அம்மா சுளுக்கா தாயி என்று கேட்டு எண்ணெய்ப் பேர் சொன்னது. ஆனாலும் உன் வாசிப்பில் ஒரு குறை இருந்தது. மூச்சு விடாமல் வாசிப்பாய். எனக்குச் சொல்லத் தெரியவில்லை, ஏதோ நெரிசலாக இருக்கிறது என்று மட்டும் சொன்னேன். அதற்கு வழியும் நீயாகத்தான் கண்டுபிடித்தாய். இதே போல் ஒரு கோயில் விசேஷத்துக்கு என்னோடு வேனில் வந்திருந்தாய். வயல்வெளி ஊர், குழாய் ஸ்பீக்கர் கடைசித் தோப்பு வரைக்கும் கட்டியிருந்தோம். அங்கே ஒரு வார்த்தை சொன்னால் அது ஒவ்வொரு ஸ்பீக்கராகப் போய், எதிரொலித்துத் திரும்பி வரும். அது தெரிந்ததால் நான் மைக்கில், "கோயில் வாசல்ல டிராக்டர நிப்பாட்டுனவரு" என்று சொல்லிவிட்டு நிறுத்தி, அது போய்ச் சேர்ந்த பிறகு, "ஒடனே வந்து எடுத்துருங்க" என்று முடித்தேன். நீ முறுக்கு தின்றுகொண்டிருந்தவள் அப்படியே நின்றுவிட்டாய். வீட்டுக்கு வந்ததும் கிட்டாரை எடுத்து நாலு ஸ்வரம் வாசித்துவிட்டு நிறுத்தினாய். அது ஹாலைச் சுற்றி வந்து அடங்கட்டும் என்று காத்திருந்து, அதற்குப் பதில் சொல்வது போல் இன்னும் நாலு வாசித்தாய். டிராக்டர்க்காரர் யாரென்று தெரியாது. அவருக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம்.

இத்தனையும் கேட்டுப் பழகியவன்தான் அந்த வேலையையும் செய்தேன். அதை நீ எத்தனையோ பேரிடம் சொல்லிச் சிரித்தாயிற்று, இருந்தாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை. பல்கலைக்கழகத்தில் கலைவிழா. முதல்முறையாக நீ மேடையில் வாசிக்கப் போகிறாய். முந்தின நாள் நீ தலைக்குக் குளிக்கப் போன நேரம் பார்த்து நான் வால்வு செட்டைத் திறந்தேன். பெண் மேடையேறும் அன்று செட்டு கரகரவென்று உடைந்தால் எனக்கல்லவா அசிங்கம். தளர்ந்த வால்வைக் கழற்றிவிட்டுப் புதுசு போட்டேன், சந்தேகப்பட்டதையெல்லாம் மாற்றினேன், எவ்வளவு கூட்டினாலும் உடையாதபடி உள்ளேயே கட்டுப்போட்டேன். மறுநாள் நீ கம்பியை ஏற்றினாய். அது பால் மாதிரிச் சுத்தமாக ஏறி, உச்சிக்குப் போனதும் சத்தமில்லாமல் செத்துப்போயிற்று. நீ திரும்பித் திரும்பிச் செட்டைப் பார்த்தாய். நானோ கூட்டத்துக்குப் பின்னால் நின்று, ஒரு சின்ன இரைச்சல்கூட இல்லை பார் என்று பக்கத்தில் இருந்தவரிடம் பெருமையடித்துக்கொண்டிருந்தேன். இறங்கி வந்து, "அப்பா, செட்டைத் தொட்டீங்களா?" என்றாய். ஆமாம், சரி பண்ணிவிட்டேன் என்றேன். நீ பெட்டி மேல் உட்கார்ந்து முதலில் அழுதாய், அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாய். எனக்கு எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியவில்லை. கடைக் குப்பைக்குள் கிடந்த பழைய வால்வைத் தேடியெடுத்து, கும்பிட்டு, திரும்ப அதன் இடத்தில் சொருகி, உள்ளே போட்ட கட்டையும் எடுத்துவிட்டேன். உன் அம்மா சொன்னதுதான் சரி: "ஒழுங்கா இருந்ததப் போயி எதுக்கு ஒழுங்கு பண்ணுறீங்க?"

அதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ செட்டுக்கு நேர் எதிரே நெருங்கி நின்று ஒரு ஸ்வரத்தை ஏற்றிப் பிடித்தாய். கை எடுத்த பிறகும் அது அடங்கவில்லை. செட்டிலிருந்து கம்பிக்கும் கம்பியிலிருந்து செட்டுக்குமாகச் சுற்றிச் சுற்றி, மெல்ல ஊளையாக எழுந்தது. நான் வாழ்நாள் முழுக்க எதை விரட்டினேனோ, அதேதான். என் கை கிளம்பிவிட்டது. "இருங்கப்பா," என்றாய். "மைக் தானாக் கத்தும். இது நாங் கத்த விடுறேன்." சொல்லிக்கொண்டே உடம்பை ஒரு ஓரமாகத் திருப்பினாய், அது தணிந்தது. திரும்ப முகம் காட்டினாய், அது எழுந்தது. ஹாலில் எந்த டைல்ஸில் நின்றால் எந்த ஸ்வரம் பாடும் என்று உனக்குத் தெரிந்திருந்தது. அன்றைக்கு நான் கையை மடியில் வைத்துக்கொண்டு, என் மகள் ஊளையிட வைக்கிற அழகைப் பார்த்தேன். உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. அதை உன்னிடம் அன்றே சொல்லியிருக்க வேண்டும். டீ வேண்டுமா என்று கேட்டதோடு நிறுத்திக்கொண்டேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் நீ மொட்டை மாடியில் மாப்பிள்ளையோடு போனில் பேசிக்கொண்டிருந்தாய். ஒட்டுக்கேட்க வரவில்லை, தொட்டி நிறைந்ததா என்று பார்க்க வந்தேன். அவர் கிட்டாரைப் பற்றி ஏதோ கேட்டிருக்க வேண்டும். "அதெல்லாம் சும்மா, படிக்கிறப்ப வாசிச்சது. இப்ப தொடுறதே இல்ல" என்றாய். அன்று காலையில்தான் நீ வாசித்து முடித்து, உடை மாற்றிக்கொண்டு வேலைக்குப் போயிருந்தாய். தண்ணீர் வழிகிற சத்தம்கூட எனக்குக் கேட்கவில்லை. யாரும் உன்னை வாசிக்காதே என்று சொல்லவில்லை. பெண் பார்க்க வந்த அன்றும் உன் மாமியார், கிட்டாரா, நல்லதுதானே, பொழுது போக வேணும்ல என்று சிரித்த முகமாகத்தான் சொன்னார். அப்படியும் நீ முந்திக்கொண்டு குறைத்துவிட்டாய். ஊளை வருவதற்கு முன்னாலேயே கை திருகுக்குப் போய்விட்டது. அது யாருடைய கை என்று எனக்குத் தெரியாதா? இந்த வீட்டில் எங்களைப் பார்த்துத்தானே வளர்ந்தாய்.

கல்யாணத்துக்கு முன்னால் பெண்ணுக்குப் புத்தி சொல்ல வேண்டும் என்பார்கள். உன் அம்மா அதைச் செய்துகொள்வாள். எனக்குத் தெரிந்தது சத்தம் ஒன்றுதான், அதைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ஓசூரில் அபார்ட்மெண்ட் வீடு என்று பயப்படாதே. செட்டை வெறுந்தரையில் வைத்தால் கீழ்வீட்டுக் கூரை அதிரும். பழைய மெத்தைத் துண்டை மடித்து அடியில் போட்டு அதன்மேல் வை. சுவரை ஒட்டி வைக்காதே. கீழ்வீட்டுக்காரர்களிடம் குடிபோன முதல் வாரத்திலேயே இனிப்போடு போய் அறிமுகமாகிக்கொண்டு, எந்த நேரத்தில் வாசித்தால் தொந்தரவில்லை என்று நீயே கேட்டுவிடு. கேட்டவர்களிடம் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். மாப்பிள்ளையிடம் இப்போதே உள்ளதைச் சொல். அவர் நல்ல பையன். நிச்சயத்தன்று தரையில் கிடந்த என் வயர்களை ஒன்றைக்கூட மிதிக்காமல் வேட்டியைத் தூக்கிக்கொண்டு பார்த்துப் பார்த்துத் தாண்டினார். அதைப் பார்த்துத்தான் எனக்கு முழுச் சம்மதம் வந்தது. படிப்பும் சம்பளமும் அப்புறம்தான். அப்படிப்பட்டவர் உன் சத்தத்தையும் மிதிக்கமாட்டார் என்று நினைக்கிறேன். ஆனால் நீ வாசித்தால்தானே அவருக்குத் தெரியும். முழுசாகத் திருப்பி வைத்து ஒருமுறை வாசித்துக் காட்டு. பிடிக்கவில்லையென்றால் அவர் சொல்லட்டும், நீ பதில் சொல்லு. அவர் வாய் திறக்கும் முன்னால் நீ குறைத்துவிட்டால் அந்தப் பேச்சே நடக்காது. நானும் உன் அம்மாவும் நடக்காத பேச்சுகளை நிறைய வைத்திருக்கிறோம். இப்போது எடுத்துப் பேசலாம் என்றால் எங்கே வைத்தோம் என்றே தெரியவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், நீ பரணில் தேடக் கூடாது. காலையில் நீ எழும் முன்னால் கிட்டாரை இறக்கி வேனில் வைத்துவிட்டேன். உறையைத் திறக்கவில்லை, துடைக்கவில்லை, ஒன்றையும் சரி பண்ணவில்லை, சத்தியம். வால்வு செட்டும் வேனில்தான் இருக்கிறது. அதையும் தொடவில்லை. வண்டியூர்த் தெப்பக்குளத்துப் பக்கம் நாம் பிடித்திருக்கும் மண்டபத்தில், கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் வரவேற்பு இருக்கிறதல்லவா. பெண்ணின் தகப்பன் செட்டில் உட்காரக் கூடாதாம், வாசலில் நின்று வருகிறவர்களைக் கும்பிட்டு வரவேற்க வேண்டுமாம். உன் அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். அதனால் என் சிநேகிதர் ஒருவர் செட்டைப் பார்த்துக்கொள்கிறார். மேடைக்கு இடது ஓரத்தில், பூ ஜோடனைக்குப் பின்னால் வால்வு செட்டு இருக்கும், பக்கத்தில் கிட்டார் சாய்ந்திருக்கும். விருந்தாளிகள் வரத் தொடங்குவதற்கு முன்னாலேயே செட்டைப் போட்டு வைக்கச் சொல்லியிருக்கிறேன், சூடாகியிருக்கும். நீ புடவையும் நகையுமாக எழுந்து போய் வாசிக்கத்தான் வேண்டும் என்று சொல்லவில்லை. வாசிக்காவிட்டால் கல்யாணம் முடிந்ததும் இரண்டும் உன் சாமான்களோடு ஓசூர் வண்டியில் ஏறும், அவ்வளவுதான்.

மைக்கில் யாரோ ஊதிப் பார்க்கிறார்கள். பொங்கல் வைக்கிறவர்கள் வந்துவிட்டார்கள் போலிருக்கிறது. நான் எழுந்து போக வேண்டும்.

வாசிக்கத் தோன்றினால் மட்டும் இதை ஞாபகம் வைத்துக்கொள். செட்டுக்கு நேரே போய் நில். ஒரு ஸ்வரத்தை எடுத்து ஏற்று. அது ஊளையிடத் தொடங்கும்போது பெரியப்பா, சித்தப்பா யாராவது எழுந்து என்னைத் தேடி வாசலுக்கு ஓடி வரத்தான் செய்வார்கள். வரட்டும். நீ என் பக்கம் பார்த்துப் பயப்படாதே. என் கை இரண்டும் அப்போது உன் கல்யாணத்துக்கு வருகிறவர்களைக் கும்பிட்டபடி இருக்கும்.

அப்பா